மரணப்படுக்கையண்டை ஒரு ஊழியக்காரி: டாக்டர் சிசிலி சாண்டர்ஸ்





பெரிய பெரிய எழுப்புதல் பிரசங்கிமாரின் சரித்திரத்தை நாம் நிறைய வாசித்திருக்கிறோம். இந்த முறை பிரசங்க மேடை ஏறாத ஒரு சகோதரியைப் பற்றி எழுத ஏவப்படுகிறேன். சாகிறவர்கள் பக்கத்தில் உட்காருவதையே அவர் தன் ஊழியமாக எடுத்துக்கொண்டார். அதனால் உலகமெங்கும் வைத்தியம் செய்யும் முறையே மாறினது.

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் வீடு வீடாக ஜெபிக்கப் போகிற நமக்கு இந்தச் சரித்திரம் மிகவும் அவசியம். வெள்ளிமலை, சேராப்பட்டு பக்கம் போனால் திண்ணையிலே கயிற்றுக்கட்டிலில் கிடக்கிற வியாதியஸ்தர் எத்தனை பேர்! ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டார்கள். அதோடு எல்லாம் முடிந்ததா? சிசிலி அம்மையாரின் ஊழியம் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

1918-ஆம் வருஷம் ஜூன் 22-ஆம் தேதி லண்டனுக்கு வடக்கே பார்னெட் என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். பணம் இருந்தது, வீட்டில் சமாதானம் இல்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் ஒத்துப்போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கூச்ச சுபாவமுள்ள, உயரமான பெண்ணாய்த் தனித்தே நின்றார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போனார். இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1940-ல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தார்.

அந்த வேலையை உயிராக நேசித்தார். ஆனால் முதுகெலும்பு வலி அவரை விடவில்லை. நோயாளியைத் தூக்கிப் புரட்டுகிற வேலை இனி முடியாது என்று ஆயிற்று. திரும்பவும் ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் படிப்பை முடித்து, நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களை விசாரித்து உதவுகிற ஆஸ்பத்திரி ஊழியரானார். கதவு அடைபட்டது என்று நாம் நினைக்கிற இடத்தில் கர்த்தர் வேறொரு கதவைத் திறக்கிறார் அல்லவா?

அதுவரைக்கும் அவருக்கு விசுவாசம் கிடையாது. 1945-ல் விசுவாசிகளான சில சிநேகிதர்களோடு கார்ன்வால் கடற்கரைப் பக்கம் விடுமுறைக்குப் போயிருந்தபோது, ஆண்டவர் அவரைச் சந்தித்தார். அன்று முதல் தன் ஜீவியத்தை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுக் காத்திருந்தார்.

பதில் ஒரு நோயாளியின் மூலம் வந்தது. டேவிட் டாஸ்மா என்ற போலந்து தேசத்து யூதர். வயது நாற்பது. புற்றுநோய். அந்நிய தேசத்தில் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லை. சிசிலி அம்மையார் ஏறக்குறைய 2 மாதங்கள் அவரைப் போய்ப் பார்த்துவந்தார். இப்படிப்பட்டவர்கள் நிம்மதியாய்க் கண்மூட ஒரு வீடு இருந்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். 1948 பிப்ரவரியில் டேவிட் மரித்தார். தன்னிடம் இருந்த 500 பவுனை, கட்டப்போகும் அந்த வீட்டில் ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று சிசிலிக்கு எழுதிவைத்துப் போனார். வீடு இல்லை, நிலம் இல்லை, ஜன்னல் மட்டும் இருக்கிறது! அந்த ஜன்னலைச் சுற்றி வீட்டைக் கட்ட 19 வருஷம் ஆனது.

பிறகு செயின்ட் லூக்ஸ் என்ற ஆஸ்பத்திரியில் சாயங்கால வேளைகளில் சம்பளமில்லாமல் உதவி செய்தார். அங்கே ஒரு காரியத்தைக் கவனித்தார். மற்ற ஆஸ்பத்திரிகளில் நோயாளி வலியால் கத்தின பிறகுதான் மருந்து கொடுப்பார்கள். இங்கேயோ வலி திரும்புவதற்கு முன்னமே மணி பார்த்துக் கொடுத்துவந்தார்கள். அதனால் நோயாளி வலிக்குப் பயந்து பயந்து கிடக்கவில்லை. தெளிவாய்ப் பேசினார், சாப்பிட்டார், பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார்.

சாகிறவர்களுக்கு ராத்திரி நர்ஸாகப் போகட்டுமா என்று தனக்குத் தெரிந்த ஒரு பெரிய சர்ஜனிடம் ஆலோசனை கேட்டார். சாகிறவர்களைக் கைவிடுகிறவர்கள் டாக்டர்கள்தான், நீயே டாக்டராகு என்று அவர் புத்தி சொன்னார். அப்போது அம்மையாருக்கு வயது 33. அந்த வயதில் எம்.பி.பி.எஸ். மாணவியாய் பெஞ்சில் போய் உட்கார்ந்து, 1957-ல் டாக்டராய் வெளியே வந்தார். எனக்கு வயசாகிப் போச்சு பாஸ்டர், இனி என்ன ஊழியம் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

1958 முதல் 7 வருஷம், கத்தோலிக்க சகோதரிகள் நடத்திய செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் வேலை செய்தார். மார்ஃபின் மருந்தை அளவாய், வேளாவேளைக்குக் கொடுத்தால் நோயாளி அதற்கு அடிமையாகிப் போவதில்லை என்பதை நூற்றுக்கணக்கான நோயாளிகளின் விவரங்களை எழுதிவைத்துக் காண்பித்தார். வலி என்பது சரீரத்தில் மட்டும் இல்லை, மனசிலும் குடும்பத்திலும் ஆத்துமாவிலும் உண்டு என்றும் போதித்தார். கடனை நினைத்துப் புலம்புகிறவருக்கும், மகளின் கல்யாணத்தை நினைத்து அழுகிறவருக்கும், தேவன் என்னைக் கைவிட்டாரோ என்று கலங்குகிறவருக்கும் மாத்திரை மட்டும் போதாது.

1959 ஜூன் 24-ஆம் தேதி காலை தியானத்தில் 37-ஆம் சங்கீதத்தின் 5-ஆம் வசனம் அவரோடு பேசியது. வேதத்தை எடுத்து அந்த வசனத்தை வாசித்துப் பாருங்கள். அன்றைக்கே காரியத்தில் இறங்கத் தீர்மானித்தார். ஜெபித்தார், கடிதம் எழுதினார், பலரிடம் உதவி கேட்டார். 1967 ஜூலையில் லண்டன் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் திறக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதை ஹாஸ்பிஸ் என்கிறார்கள். பூர்வத்தில் அதற்கு வழிப்போக்கர் தங்கும் சத்திரம் என்று அர்த்தம். டேவிட்டின் ஜன்னல் வாசலருகே இன்றும் இருக்கிறது.

ஆனால் தேவபிள்ளைகளே, எல்லாரும் சத்திரத்துக்கு வர முடியுமா? சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் கண்மூடத்தானே அநேகர் ஆசைப்படுகிறார்கள்? 1969-ல் அந்த இல்லத்தின் நர்ஸுகள் வீடுகளுக்கே போகத் தொடங்கினார்கள். இன்றைக்கு உலகத்தில் நடக்கிற வீட்டுப் பராமரிப்பு ஊழியத்துக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம்.

நம் தேசத்தில் 1986-ல் மும்பையில் இப்படி ஒரு இல்லம் உண்டானது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவர் தோழர்களும் தொடங்கின வேலை, கேரளா முழுவதும் வீடு தேடிப் போகிற சேவையாய்ப் பரவினது. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பது கஷ்டமாயிருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாய் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற செவிலியர் சேவையும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

இப்போது மனம் திறந்து ஒரு காரியம் சொல்கிறேன். நம் கூட்டங்களில் சிலர், வலிக்கு மாத்திரை போட்டால் விசுவாசக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். கச்சிராயபாளையம் பக்கம் வாய்ப்புற்று வந்த ஒரு பெரியவர் வீட்டில் இதைக் கண்ணாரக் கண்டேன். வீட்டார் உபவாசம் இருந்தார்கள். அவரோ பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜெபத்துக்கு ஆமென் சொல்லவும் வாய் வரவில்லை. நர்ஸம்மா வந்து டாக்டர் எழுதின மருந்தை ஒழுங்காய்க் கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், அவரே மகனைக் கூப்பிட்டு, தம்பியோடு இருந்த நிலத்தகராறை முடிக்கச் சொல்லி ஒப்புரவானார். சுகத்துக்காக நாங்கள் ஜெபிப்பதை நிறுத்தவே இல்லை. மருந்து எங்கள் ஜெபத்துக்கு எதிரியாய் நிற்கவில்லை, அவரையும் எங்களோடு சேர்ந்து ஜெபிக்க வைத்தது. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததை நாம் மறந்துவிட்டோமா?

நம் சபையில் ஒரு சகோதரி இந்த வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போகிறார். அவர் செய்வது இதுதான்: படுக்கைப்புண் வராதபடிக்கு இரண்டு மணிக்கு ஒருதரம் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறார். உலர்ந்த வாயை ஈரத்துணியால் துடைக்கிறார். விழுங்க முடியாதவருக்குக் கஞ்சியைத் திணிக்க வேண்டாம் என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மார்ஃபினால் மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் மருந்து இருக்கிறதா என்று பார்க்கிறார். ராத்திரியெல்லாம் விழித்திருந்த மனைவியைக் கொஞ்சம் தூங்க வைக்கிறார். அதைக் கூலிக்குச் செய்கிற வேலை என்று அற்பமாய் எண்ணாதிருங்கள். அது பரிசுத்தமான ஊழியம்.

சிசிலி அம்மையார் 1980-ல் போலந்து ஓவியர் ஒருவரை மணந்தார். 1995-ல் அவரும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸில்தான் மரித்தார். அம்மையாருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. தான் கட்டின அதே இல்லத்தில், தான் பயிற்றுவித்தவர்களின் பராமரிப்பில், 2005 ஜூலை 14-ஆம் தேதி 87-ஆம் வயதில் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் படுக்கையில் இருக்கிறவர் யார் என்று விசாரியுங்கள். வேதத்தை எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு சுத்தமான துணியையும் எடுத்துக்கொண்டு போங்கள். வலி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிலைக் கேட்டபின் ஜெபியுங்கள். சீக்கிரம் எழுந்து வந்துவிடாதிருங்கள்.

கர்த்தர் தாமே இந்த இரக்கத்தின் ஊழியத்தை நம் மலையிலும் நம் ஊர்களிலும் எழுப்புவாராக. ஆமென்.