பாதையை மூடிய பூங்கொடி

பிரான்சு நாட்டில் ஜிவெர்னி என்று ஒரு சிறு கிராமம். அங்கே ஒரு பூந்தோட்டம். வீட்டு வாசலில் இருந்து வெளிக்கதவு வரை அகலமான ஒரு பாதை.

இலையுதிர் காலம் வந்தால் அந்தப் பாதை காணாமல் போய்விடும்!

இரு பக்கத்துப் பாத்திகளில் இருந்தும் நாஸ்டர்டியம் என்ற கொடி தரையில் படர்ந்து வரும். அதன் இலை வட்டமானது. குட்டித் தாமரை இலை போல இருக்கும். பூ செம்மஞ்சள் நிறம். இரண்டு பக்கத்துக் கொடிகளும் நடுவில் வந்து நெருங்கிவிடும். ஒற்றை ஆள் நடக்கும் தடம்தான் மிஞ்சும்.

சுற்றிலும் டேலியாவும், சூரியகாந்தியும், ஊதா நிற ஆஸ்டர் பூக்களும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்.

தோட்டக்காரன் வேலையை விட்டுப் போய்விட்டானோ என்று தோன்றும். ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது சொந்தக்காரரின் கட்டளை.

அந்தச் சொந்தக்காரர்தான் உலகப் புகழ் பெற்ற ஓவியர் கிளாட் மோனே.

அடகில் இருந்த பதக்கம்

மோனே 1840-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி பாரிசில் பிறந்தார். வளர்ந்தது லெ ஆவர் என்ற துறைமுகப் பட்டினத்தில்.

இளமையில் அவர் பட்ட கஷ்டம் கொஞ்சம் அல்ல. படங்களை வாங்க ஆள் இல்லை. வண்ணம் வாங்கப் பணம் இல்லை. 1879-ம் ஆண்டு அவருடைய மனைவி கமீல் 32 வயதில் இறந்தார். கமீல் ஆசையாகப் போட்டிருந்த பதக்கம் அப்போது அடகுக் கடையில் இருந்தது. அதை மீட்டு, கழுத்தில் அணிவித்து அடக்கம் செய்ய வேண்டும் என்று நண்பர் ஒருவரிடம் பணம் கேட்டு எழுதினார் மோனே.

தாய் இல்லாத இரண்டு பையன்கள். கமீலின் கடைசி நாட்களில் உடன் இருந்து கவனித்தவர் ஆலிஸ். தொழில் நொடித்துப்போன ஒரு வியாபாரியின் மனைவி. அவருக்கு ஆறு குழந்தைகள். எட்டுப் பிள்ளைகளையும் ஆலிஸ் சேர்த்தே வளர்த்தார். தம் கணவர் இறந்தபிறகு, 1892-ம் ஆண்டு மோனேயை மணந்தார்.

இந்தப் பெரிய குடும்பம் 1883-ம் ஆண்டு ஜிவெர்னிக்கு வாடகைக்குக் குடிவந்தது. வந்த உடனே மண்ணைக் கொத்தினார்கள். காய்கறியும் பூவும் போட்டார்கள். மழைநாளில் வெளியே போய் வரைய முடியாது. அன்றைக்குப் பறித்து வைத்து வரையப் பூ வேண்டும் என்பது மோனேயின் கணக்கு.

பிறகு படங்கள் விலைபோயின. 1890-ம் ஆண்டு அந்த வீட்டையே 22 ஆயிரம் பிராங்குக்கு விலைக்கு வாங்கினார். காய்கறிக்கு அதே ஊரில் தனித் தோட்டம், தனித் தோட்டக்காரர். பகல் பதினொன்றரை மணிக்குச் சாப்பாடு மேசைக்கு வந்துவிட வேண்டும். அதில் மோனே மிகவும் கண்டிப்பு!

1893-ம் ஆண்டு பக்கத்து நிலத்தையும் வாங்கி, குளம் வெட்டி அல்லி வளர்க்க முனைந்தார். ஊரார் எதிர்த்தார்கள். புதுச் செடிகளால் தண்ணீர் நஞ்சாகிவிடும், மாடு குடித்தால் செத்துப்போகும் என்று பயந்தார்கள். கடைசியில் அனுமதி கிடைத்தது.

தோட்ட வேலைக்கு ஐந்தாறு பேர் இருந்தார்கள். குளத்துக்கு என்றே ஒரு ஆள். அவர் படகில் போய், அல்லி இலைகளைத் துடைத்து, பழுத்ததை எடுத்துவிடுவார். எந்தக் கொடியை ஓடவிடுவது, எதை நறுக்குவது என்பதை மோனேயே சொல்லுவார். காடாகத் தெரிந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் கைகள் வேலை செய்துகொண்டிருந்தன.

கண்ணில் புரை

1911-ம் ஆண்டு ஆலிஸ் இறந்தார். மறு ஆண்டு மோனேயின் கண்ணில் புரை விழுந்திருப்பதை டாக்டர் கண்டுபிடித்தார். 1914-ம் ஆண்டு மூத்த மகன் ஜான் மறைந்தார். அதே ஆண்டு உலகப் போர் மூண்டது. இளைய மகன் மிஷேல் போருக்குப் போனார். ஊரை விட்டுப் பலர் ஓடினார்கள். மோனே தோட்டத்தை விட்டு நகரவில்லை.

நிறமே வாழ்க்கையாக இருந்தவருக்கு நிறம் மங்கியது. வண்ணக் குழாய்களின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்துத்தான் எடுக்க முடிந்தது. அந்நாளில் அவர் தீட்டிய தோட்டப் படங்களில் பச்சை குறைவு. சிவப்பும் பழுப்பும் அடர்ந்து, எல்லாம் நெருப்புப் பிடித்ததுபோல் இருக்கும்.

1923-ம் ஆண்டு, 82-ம் வயதில், வலது கண்ணில் ஆபரேசன் நடந்தது. முன்னாள் பிரதம மந்திரி கிளமான்சோ அவருடைய உயிர் நண்பர். ஆபரேசனுக்கு மோனே பயந்து தள்ளிப்போட்டபோது, விடாமல் வற்புறுத்தியவர் அவர்தான். பார்வை ஓரளவு திரும்பியது.

1926-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி மோனே காலமானார். வயது 86. சவப்பெட்டியின் மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்ததாம். கிளமான்சோ அதை எடுத்துவிட்டு, பூப்போட்ட திரைச்சீலையைப் போர்த்தினார் என்று சொல்லுவார்கள். அல்லிக் குளத்தைத் தீட்டிய பெரிய படங்கள் 1927-ம் ஆண்டு பாரிசில் மக்கள் பார்வைக்கு வந்தன.

மெய்யான காடு

தோட்டத்தைப் பிளான்ஷ் பார்த்துக்கொண்டார். இவர் ஆலிசின் மகள். ஜானின் மனைவி என்ற முறையில் மோனேயின் மருமகளும் இவரே. 1947-ம் ஆண்டு அவரும் மறைந்தார்.

அதன்பிறகுதான் அந்தத் தோட்டம் மெய்யாகவே காடாயிற்று. பாத்திகளில் முள் மண்டியது. குளக்கரை சரிந்தது. மரப்பாலம் உளுத்தது. பெரிய ஓவியக்கூடத்துக்குள்ளேயே மரம் முளைத்து நின்றது. முன்பு காடுபோல் இருந்தபோது கண்ணைப் பறித்த அழகில் ஒன்றுகூட மிஞ்சவில்லை!

1966-ம் ஆண்டு மிஷேல் இறந்தபோது, சொத்து பிரான்சின் கலைக் கழகத்துக்குப் போயிற்று. 1977-ம் ஆண்டு சீரமைப்பு வேலை தொடங்கியது. 1980-ம் ஆண்டு தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

தோட்டக்காரர்கள் நாஸ்டர்டியத்தை மறுபடி நட்டார்கள். செப்டம்பரில் கொடி பாதைக்கு இறங்குகிறது. அக்டோபரில் பாதை மூடிவிடுகிறது. நவம்பர் தொடக்கத்தில் வெளிக்கதவைச் சாத்திவிட்டு, தோட்டக்காரர்கள் மண்வெட்டியோடு உள்ளே இறங்குகிறார்கள்.