உரிமைக்கு ஒரு விண்ணப்பம்

விளையாட்டில் வென்றவர் பலர். விளையாடும் உரிமையையே போராடி வென்றவர் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்காவின் ஜாக்கி ராபின்சன். பேஸ்பால் ஆட்டத்தில் அவர் பெற்ற புகழை உலகம் அறியும். அதற்கு முன்பு, சாதாரணச் சிப்பாயாக இருந்த அவர் அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்துக் கிடந்த கதையை நம்மில் அறிந்தோர் மிகச் சிலரே.

1919 ஜனவரி 31இல் ஜார்ஜியா மாநிலத்துக் கெய்ரோ என்னும் சிற்றூரில், வாரத்துக்கு உழும் கறுப்பினக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். தாய் மாலி ஐந்து குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கலிஃபோர்னியாவின் பாசடீனா நகருக்குச் சென்று, வீட்டு வேலை செய்து அவர்களை ஆளாக்கினார். அண்ணன் மாக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். தம்பியோ லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம் ஆகிய நான்கிலும் சிறப்புப் பெற்ற முதல் மாணவரானார். ஆயினும் குடும்பச் சுமையை எண்ணி, 1941இல் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார்.

1942இல் படைக்கு அழைப்பு வந்தது. கான்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் ரைலி முகாமில் குதிரைப் படைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். கல்லூரிப் படிப்பும் உடல் வலிமையும் உடைய அவர் அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். அவருடன் வேறு சில கறுப்பின வீரர்களும் விண்ணப்பித்தனர். ஏட்டளவில் நிறத்தடை ஏதும் இல்லை. ஆனால் விண்ணப்பங்கள் மட்டும் அசையவில்லை. மறுப்பும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. மறுத்தால் காரணம் கேட்கலாம். மௌனத்திடம் யார் காரணம் கேட்பது? மாதங்கள் கழிந்தன.

அதே முகாமில் இருந்தார் உலகக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி. அவரிடம் ராபின்சன் முறையிட்டார். போர்த்துறைச் செயலர் அலுவலகத்தில் கறுப்பின வீரர்களின் நலன் குறித்து ஆலோசனை கூறிவந்த ட்ரூமன் கிப்சனுக்கு லூயி செய்தி அனுப்பினார். முட்டுக்கட்டை நீங்கியது. பயிற்சி பெற்று, 1943 ஜனவரியில் ராபின்சன் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

பதவி கிடைத்ததும் அவர் தம் கூட்டத்தை மறக்கவில்லை. முகாமின் சிற்றுண்டிக் கடையில் கறுப்பின வீரர்களுக்குச் சில இருக்கைகளே ஒதுக்கப்பட்டிருந்தன. அதை எதிர்த்து மேலதிகாரியிடம் வாதாடிக் கூடுதல் இருக்கைகள் பெற்றுத் தந்தார்.

பின்னர் டெக்சாஸிலுள்ள ஃபோர்ட் ஹூட் முகாமுக்கு மாற்றப்பட்டு, 761ஆம் டாங்கிப் படைப்பிரிவில் பணியாற்றினார். 1944 ஜூலை 6 அன்று, பேருந்தின் பின்பகுதிக்குப் போகுமாறு ஓட்டுநர் கட்டளையிட்டார். ராபின்சன் அசையவில்லை. விளைவு, இராணுவ நீதிமன்ற விசாரணை! அவருடைய படைப்பிரிவுத் தலைவர் பால் பேட்ஸ் குற்றச்சாட்டில் கையெழுத்திட மறுத்தார். அவரை வேறு பிரிவுக்கு மாற்றி வழக்கை நடத்தினர். ஆகஸ்ட் 2இல், ஒன்பது அதிகாரிகள் கொண்ட மன்றம் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் மதிப்புடன் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். தீர்ப்பு மாறியிருந்தால் பின்னால் வந்த வரலாறும் மாறியிருக்கும்.

1945இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்தார். அக்காலத்தில் பெருங்குழு ஆட்டங்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. இழிசொல் வீசினாலும் திருப்பித் தாக்கக் கூடாது என்பது ரிக்கியின் நிபந்தனை. பேருந்தில் எழ மறுத்த மனிதருக்கு இது எத்துணைக் கடினமான சோதனை! எனினும் தம் ஒருவரின் சினத்தால் பின்வருவோர் அனைவருக்கும் கதவு அடைபட்டுவிடக் கூடாதென்று ஒப்புக்கொண்டார். 1947 ஏப்ரல் 15இல் களம் இறங்கினார். அவ்வாண்டே சிறந்த புதுமுக வீரர் விருதும், 1949இல் மிகச் சிறந்த வீரர் விருதும் பெற்றார். 1948 ஜூலை 26இல், படைகளில் இனப் பாகுபாடு கூடாதெனக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணையிட்டார்.

1962இல் பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற ராபின்சன், 1972 அக்டோபர் 24இல் தம் 53ஆம் வயதில் காலமானார். அவர் அணிந்த 42ஆம் எண்ணை 1997இல் எல்லாப் பெருங்குழு அணிகளும் அவர் நினைவாக ஒதுக்கி வைத்தன.

மாணவ நண்பர்களே! எழ மறுத்ததும் வீரம், பொறுத்துக்கொண்டதும் வீரம். எங்கே எது வேண்டும் என்று அறிந்ததே அவர் பெற்ற கல்வி. அவருடைய தகுதியை அவர் ஐயுற்றதில்லை. பதில் வராத விண்ணப்பத்தைக் கண்டு அவர் சோர்ந்து ஒதுங்கவும் இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார். தமக்குத் திறந்த கதவைப் பிறருக்காகவும் திறந்து வைத்தார். அவ்வழி நமக்கும் வழியாகட்டும்.