நாட்டியப் பேரரசி பாலசரசுவதி

ஆடற்கலை தமிழகத்தின் தொன்மையான கலைகளுள் ஒன்று. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறினாள் என்பதை நாம் அறிவோம். அத்தகைய பழம்பெருமை வாய்ந்த கலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்தொழியும் நிலையை எய்தியது. அப்போது அதனைத் தம் உயிரினும் மேலாகப் போற்றிக் காத்தவர்களுள் தலைசிறந்தவர் பாலசரசுவதி அம்மையார் ஆவர்.

குடும்பச் சிறப்பு

பாலசரசுவதி 1918-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய முன்னோர் தஞ்சை அரசவையில் இசையாலும் ஆடலாலும் புகழ் பெற்றவர்கள். அம்மரபில் அவர் ஏழாவது தலைமுறையினர். பாட்டியார் வீணை தனம்மாள், வீணை இசைப்பதில் தமக்கு நிகரில்லாதவர். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அவர் தம் இல்லத்தில் வீணை வாசிப்பார். பெரும்புலவரும் பாடகரும் அவ்விசையைக் கேட்க அவ்வீட்டில் வந்து கூடுவர். அன்னையார் ஜயம்மாளும் சிறந்த பாடகர். இவ்வாறு தொட்டிற் பருவத்திலேயே இசை அவர் செவியில் புகுந்தது.

தடையும் துணிவும்

மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆடலைக் கண்ட குழந்தைக்கு, தானும் ஆட வேண்டும் என்னும் ஆர்வம் பிறந்தது. ஆயினும் உறவினர் தயங்கினர். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. கோயில்களிலும் அரசவைகளிலும் ஆடிவந்த மகளிர் குலத்தைச் சமுதாயம் அக்காலத்தில் இழிவாக நோக்கியது. அம்மகளிருள் பலர் அல்லலுற்றதும் உண்மையே. அவ்வல்லலை நீக்கச் சீர்திருத்தச் சான்றோர் முயன்றனர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் 1947-ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால், நோயை நீக்கப் புகுந்தோர் சிலர் நோயையும் கலையையும் வேறுபிரித்து உணரவில்லை. ஆடுவதே இழிவு என்னும் எண்ணம் நாட்டில் பரவியது. அந்நிலையிலும் ஜயம்மாள் மனம் தளராது, மகளை ஆடல் பயில அனுப்பினார்.

பயிற்சியும் அரங்கேற்றமும்

ஆசிரியராக வாய்த்தவர் கந்தப்பப் பிள்ளை. பரதநாட்டியக் கச்சேரியை ஒழுங்குபடுத்தி அமைத்த தஞ்சை நால்வரின் வழியில் வந்தவர் அவர். அவரது கண்டிப்பு கடுமையானது. சிறு பிழையையும் அவர் பொறுக்கமாட்டார். ஓர் அடைவு செம்மையுறும் வரை குழந்தை அதனையே திரும்பத் திரும்ப ஆடுதல் வேண்டும். அக்கடுமையே பிற்காலத்தில் அவருடைய தாளத்திற்கு அசையா உறுதியைத் தந்தது. 1925-ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றில், தம் 7-ஆம் வயதில் பாலசரசுவதி அரங்கேறினார்.

1934-ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவில் ஆடினார். தென்னாட்டு ஆடலை அதன் மரபு மாறாத வடிவில் வடநாட்டார் கண்டு வியந்தனர். நடனமேதை உதயசங்கரும் அவர் கலையைப் பெரிதும் போற்றினார்.

துன்பக் காலம்

ஆயினும் புகழ் நிலைத்து நிற்கவில்லை. 1938-ஆம் ஆண்டில் பாட்டியார் மறைந்தார். 1941-ஆம் ஆண்டில் ஆசிரியரும் மறைந்தார். உடல்நலம் குன்றியது, ஆடும் வாய்ப்புகளும் அருகின. பிற குலத்துப் பெண்கள் ஆடலை விரும்பிப் பயிலத் தொடங்கிய அக்காலத்திலேயே, அதனை வழிவழியாகக் காத்த குலத்தினர் மேடையிலிருந்து மறைந்து வந்தனர். இது காலத்தின் கொடுமை. பாலசரசுவதி கலையைக் கைவிடவில்லை. 1953-ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாடமியின் சார்பில் நடனப் பள்ளி தொடங்கியபோது, அவர் ஆசிரியராக அமர்ந்தார். கந்தப்பப் பிள்ளையின் மகன் கணேசன் நட்டுவாங்கத்தில் அவருக்குத் துணை நின்றார். ஆசிரியர் குடும்பமும் மாணவியும் மீண்டும் ஒன்றுகூடினர்.

கலையின் உட்பொருள்

பாலசரசுவதியின் பெருமை அபிநயத்தில் விளங்கியது. பதத்தின் ஒரே அடியைப் பன்முறை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் புதிய கருத்தை முகத்திலும் கையிலும் காட்டுவார். ஆடும்போதே பாடவும் செய்வார். இசையின்றி ஆடல் இல்லை என்பது அவர் கொள்கை. நாட்டியக் கச்சேரியைக் கோயிலுக்கு ஒப்பிட்டு அவர் விளக்கியது நினைவிற் கொள்ளத்தக்கது. அலாரிப்பு கோபுரம், அதன் வழியே நுழைந்து மண்டபங்களைக் கடந்தால், பதம் என்னும் அமைதியான கருவறை தோன்றும், தில்லானா இறுதியில் ஏற்றும் கற்பூர ஒளி. இவ்வரிசையை மாற்றுதல் கருவறையை வாயிலில் வைப்பது போன்றதாகும் என்பது இதனால் விளங்கும்.

உலகப் புகழ்

1961-இல் ஜப்பானிலும், 1962-இல் அமெரிக்காவிலும், 1963-இல் எடின்பரோ விழாவிலும் அவர் ஆடினார். மொழியறியாதாரும் அவர் அபிநயத்தைக் கண்டு உருகினர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அவர் ஆடல் கற்பித்தார். தம்பியருள் இரங்கநாதன் மிருதங்கத்தையும், விசுவநாதன் புல்லாங்குழலையும் அந்நாட்டார்க்குக் கற்பித்தனர். ஒரு குடும்பத்தின் கலை கடல் கடந்து வேரூன்றியது.

1957-இல் பத்மபூஷண் விருதும், 1977-இல் பத்மவிபூஷண் விருதும் அவரை நாடி வந்தன. 1973-இல் இசைவாணர்க்கு உரிய சங்கீத கலாநிதி என்னும் பட்டத்தை மியூசிக் அகாடமி அவருக்கு அளித்தது. 1976-இல் சத்தியஜித் ராய் அவரைப் பற்றிப் படமெடுத்தார். கடற்காற்று ஆடையை அலைக்க, மணற்பரப்பில் நின்று கண்ணனை அழைக்கும் அம்முதிய தாயின் உருவம் அதில் இன்றும் வாழ்கிறது.

நிறைவு

1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் பாலசரசுவதி மறைந்தார். பாட்டியிடமிருந்து இசையையும், அன்னையிடமிருந்து துணிவையும் பெற்ற அவர், அவ்விரண்டையும் தம் மகள் இலட்சுமிக்கு வழங்கினார். பின்னர்ப் பேரனும் அவ்வழியில் ஆடத் தொடங்கினார். பழித்தவர் முன்னும் கலையைத் தாழ விடாமல், புகழ்ந்தவர் முன்னும் அதன் மரபை மாற்றாமல் வாழ்ந்தவர் அவர். நாம் மேற்கொள்ளும் தொழில் எதுவாயினும், அதனை உயர்த்துவது பிறர் மதிப்பன்று, நம் உழைப்பும் உறுதியுமே என்பதனை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.