இவேர்டன் கோட்டை ஆசிரியர்

ஆசிரிய கலாசாலையில் நான் பயின்ற நாளிலே, பெஸ்தலோசி என்பது பரீட்சைக்காக மனனஞ் செய்த பெயர்களுள் ஒன்றாகவே இருந்தது. பன்மொழியும் பலசமயமும் கலந்த வகுப்புக்கு ஆசிரியரை ஆயத்தஞ் செய்வது எங்ஙனம் என்னும் வினா பின்னாளில் என்னை அலைக்கழித்தபோதே அப்பெரியாரின் சரிதத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே 1746இல் பிறந்த அவர், ஐந்து வயதில் தந்தையை இழந்தவர். நோய்ஹோவ் என்னுந் தம் பண்ணையில் ஏழைச் சிறார்க்குத் தொழிலும் கல்வியும் புகட்ட முயன்று, கைப்பொருளை இழந்தார்.

1798இல் பிரெஞ்சுப் படை ஸ்ரான்ஸ் என்னும் ஊரைப் பாழ்படுத்தியது. அங்கே அநாதைகளாய் நின்ற குழந்தைகளைப் பேணும் பொறுப்பு அவர்பால் வந்தது. ஊரோ கத்தோலிக்க ஊர், இவரோ புரட்டஸ்தாந்தர், அன்றியும், அவ்வூரார் வெறுத்த அரசாங்கம் அனுப்பிய மனிதர். ஊரார் ஐயுற்று நோக்கியதில் வியப்பென்ன? அவர் குழந்தைகளோடு உண்டார். அவர்கள் நடுவே உறங்கினார். நோயுற்றோர்க்குப் பணிவிடை செய்தார். 1799 யூன் மாதத்தில் படையினர்க்கு வைத்தியசாலை வேண்டுமென அக்கட்டிடம் எடுக்கப்பட்டது. சில மாதமே நடந்த அவ்விடந்தான் பெஸ்தலோசி பயின்ற ஆசிரிய கலாசாலை என்பது என் துணிபு.

பேர்க்டோர்ப் கோட்டையிலே சில ஆண்டு கற்பித்தபின், 1805இல் இவேர்டன் நகரக் கோட்டையில் தம் கல்விநிலையத்தை அமைத்தார். அது பிரெஞ்சு வழங்கும் நகர். அவர் தாய்மொழியோ யேர்மன். பிறநாட்டுப் பிள்ளைகள் பலரும் அங்கு வந்து சேர்ந்தமையால், பாடங்கள் இருமொழியிலும் நிகழ்ந்தன. ஆசிரியராக விரும்பியோரும் வந்தனர். 1806இல் நெப்போலியனிடந் தோற்ற பிரசிய அரசு, கல்வியால் நாட்டை மீட்கக் கருதித் தன் இளைஞர் சிலரை அனுப்பியது. பாலர் கல்விக்கு வழிகாட்டிய புரோபலும் 1808 முதல் 1810 வரை அங்கிருந்தார். இவர்கள் விரிவுரை கேட்டு ஏடெழுதியதோடு அமையாமல், வகுப்பிலே பிள்ளைகளோடு இருந்து பழகினர்.

பூமிசாத்திரப் பாடம் ஒன்றைக் கூறுகின்றேன். பிள்ளைகள் அயலிலுள்ள பூரோன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் சென்று அதனை நன்கு நோக்குவர். அங்கிருந்து களிமண் கொணர்ந்து, நீண்ட மேசைமேல் மேடும் பள்ளமுமாக அந்நிலத்தை ஆக்குவர். அதன்பின்னரே தேசப்படத்தைக் காண்பர். கண்டதும் தொட்டதும் முன்னே, சொல் பின்னே. களிமண்ணுக்கு யேர்மன் ஏது, பிரெஞ்சு ஏது? மொழி வேறுபட்ட வகுப்பிலே ஒரு மொழியாரை மேலாகவும் மற்றொருவரைக் கீழாகவும் வைக்காத தொடக்கம் இதுவென்றே நான் கொள்ளுகின்றேன். இன்று நம்மவர் பலர் படத்தைத் தொங்கவிட்டுப் பெயர்களை ஒப்புவிக்கச் செய்வதோடு நின்றுவிடுகின்றனர்.

ஆயினும் அவர் குறையையும் மறைத்தல் தகாது. நிருவாகம் அவர்க்குக் கைவரவில்லை. மாணவராய் வந்து கணித ஆசிரியராய் உயர்ந்த சிமிட் என்பவரும், தத்துவ நாட்டமுடைய போதகர் நீடரர் என்பவரும் தம்முட் பகைத்தனர். பலநாட்டுப் பிள்ளைகளை ஒருங்கிருத்திய கோட்டையிலே ஆசிரியர் ஒருங்கிருக்கவில்லை. 1815இல் மனைவி அன்னாவும் மறைந்தார். அடுத்த ஆண்டில் ஆசிரியர் பலர் விலகினர். 1825இல் நிலையம் மூடப்பட்டது.

எண்பதை அணுகிய கிழவர் நோய்ஹோவுக்கே மீண்டார். 1827 பெப்ரவரி 17ஆந் தேதி காலமானார். பக்கத்திலுள்ள பீர் என்னுங் கிராமத்திலே, பள்ளிக்கூடத்தை அடுத்து அவரை அடக்கஞ் செய்தனர்.