ஈயத்தைப் பிரிக்க முடியாதவர்

கெமிஸ்ட்ரி லேபில் உப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் டெஸ்ட் ட்யூபும் கையுமாக முழித்திருக்கிறீர்களா? நமக்கு மூணு மணி நேரத்தில் பெல் அடித்துவிடும். ஜார்ஜ் டி ஹெவெசி ஏறக்குறைய இரண்டு வருஷம் முழித்தார்.

1885-இல் புடாபெஸ்ட்டில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1911-இல் மான்செஸ்டர் போய் ரூதர்போர்டிடம் சேர்ந்தார். ரேடியம் எடுத்த தாதுவில் மிஞ்சிய ஈயம் அங்கே கிலோ கணக்கில் கிடந்தது. அதில் கலந்திருந்த ரேடியம்-டி என்ற கதிரியக்கப் பொருளைத் தனியாகப் பிரிக்கணும். இதுதான் ரூதர்போர்டு கொடுத்த வேலை. என்னென்னவோ செய்து பார்த்தார். பிரியவில்லை. எப்படிப் பிரியும்? ரேடியம்-டி என்பதே ஈயத்தின் ஐசோடோப்புதான். அது அப்போது யாருக்கும் தெரியாது.

இங்கேதான் ஆளின் மூளை வேலை செய்தது. பிரிக்கவே முடியாதென்றால், சாதாரண ஈயத்தில் துளி ரேடியம்-டி கலந்துவிட்டால் ஈயம் போகிற இடமெல்லாம் அதுவும் கூடவே போகுமே! கதிர்வீச்சை அளந்தால் ஈயம் எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிடுமே! 1913-இல் வியன்னாவில் பனெத் என்பவரோடு சேர்ந்து இதைச் செய்து காட்டினார். ட்ரேசர் முறை பிறந்தது.

மெஸ் சாப்பாட்டுக்காரர்களுக்கு இன்னொரு கதை. மான்செஸ்டரில் ஹெவெசி தங்கிய விடுதியில், முந்தைய நாள் மிச்சமே மறுபடி தட்டில் வருகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். விடுதிக்கார அம்மா சத்தியம் பண்ணாத குறையாக மறுத்தார். ஹெவெசி ஒருநாள் தட்டில் வைத்த மிச்சத்தில் துளி கதிரியக்கப் பொருளைத் தூவிவிட்டார். சில நாள் கழித்து வந்த பதார்த்தத்தின் அருகே எலெக்ட்ராஸ்கோப்பைப் பிடித்தால், குட்டு உடைந்தது! அவரே பின்னாளில் சொன்ன கதை இது. (நம்ம ஹாஸ்டலில் யாரும் முயற்சிக்க வேண்டாம்.)

1923-இல் அவரைச் செடி வேர் வழியாக ஈயம் ஏறுவதை அளந்தார். அதே வருஷம் காஸ்டருடன் ஹாஃப்னியம் தனிமத்தையும் கண்டுபிடித்தார். 1934-இல் நாஜிகளால் ஜெர்மனியை விட்டு கோபன்ஹேகன் போனார். அடுத்த வருஷம் எலிகளுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்து, எலும்பு செத்த கல் அல்ல, ஓயாமல் புதுப்பித்துக்கொள்கிறது என்று காட்டினார். 1940-இல் ஜெர்மன் படை நகரத்தில் நுழைந்தபோது, லாவே, ஃப்ராங்க் இருவரின் நோபல் தங்கப் பதக்கங்களை ராஜதிராவகத்தில் கரைத்து அலமாரியில் வைத்தார். வந்தவர்களுக்கு அது வெறும் பாட்டில்! போருக்குப் பின் அதே தங்கத்தில் பதக்கங்கள் மறுபடி வார்க்கப்பட்டன. 1943-க்கான வேதியியல் நோபல் ஹெவெசிக்கே கிடைத்தது. 1966-இல் காலமானார்.

ட்ரேசர் மட்டும் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டது. குடல், கணையம் போன்ற இடங்களில் ஹார்மோன் சுரக்கும் செல்களில் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று ஒன்று வரும். கடுகளவில் ஒளிந்திருந்தால் சாதா ஸ்கேனில் சிக்காது. ஆனால் இந்தச் செல்களில் பலவற்றின் மேல் சொமாட்டோஸ்டாடின் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் ஏராளம். அந்த ஹார்மோன் மாதிரியே ஒரு சிறு மூலக்கூறு செய்து, காலியம்-68 அணுவைக் கட்டி ரத்தத்தில் விடுவார்கள். அது கட்டியைத் தேடிப்போய் ஒட்டும். காலியம் விடும் பாசிட்ரான் எலெக்ட்ரானோடு மோதி அழிய, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்பும். பெட் ஸ்கேனர் வளையம் அவற்றைப் பிடித்து, கட்டி இருக்கும் இடத்தைப் படத்தில் காட்டும். காலியம்-68-இன் அரை ஆயுள் 68 நிமிடம். மறுநாள் காலையில் உடம்பில் அதன் சுவடே இருக்காது.