விளக்கேந்திய சீமாட்டியின் கணக்கேடு

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரைக் கேட்டதும், கையில் விளக்குடன் நோயாளரிடையே நடந்து செல்லும் ஒரு பெண்ணின் உருவமே நம் மனக்கண்ணில் தோன்றும். ஆசிரியனாக இருந்த காலத்தில் நானும் அப்படத்தைக் காட்டியே பாடம் நடத்தினேன். அன்புள்ளம் ஒன்றிருந்தாற் போதும், நோய் தீரும் என்று மாணவர் எண்ணிவிடுவர் என்பதை அன்று நான் உணரவில்லை. அம்மையாரின் வாழ்வு அதனினும் கடினமான செய்தியைக் கூறுகின்றது.

அவர் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பமொன்றிற் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்கு இடப்பட்டது. பதினாறு வயதில் இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக உணர்ந்தார். ஆனால் அக்கால இங்கிலாந்தில் தாதித் தொழில் இழிவாகவே கருதப்பட்டது. 1845இல் மருத்துவமனையொன்றிற் பயிற்சி பெற விரும்பியபோது குடும்பத்தார் இசையவில்லை. 1851இலேயே ஜேர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னுமிடத்தில் மூன்று மாதங்கள் பயிலும் வாய்ப்புக் கிட்டியது.

கிரிமியப் போர் மூண்டது. 1854 ஒக்டோபரில் 38 தாதியருடன் புறப்பட்டு, நவம்பர் 4ஆம் நாள் துருக்கியின் ஸ்கூற்றாரியை அடைந்தார். அங்கே பெரும் படைமுகாமொன்று மருத்துவமனையாக்கப்பட்டிருந்தது. எங்கும் அழுக்கு, பேன், எலி. மாற்றுடை இல்லை, நோயாளர்க்கு ஏற்ற உணவும் இல்லை. அம்மையார் சமையலறையையும் சலவைக்கூடத்தையும் ஒழுங்குபடுத்தினார். வேண்டிய பொருள்களை வாங்குவித்தார். இரவில் விளக்கேந்தி நோயாளரைச் சுற்றிப் பார்த்தார். வீரர்கள் அவரைத் தாயெனப் போற்றினர்.

ஆயினும் இறப்புக் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் அங்கு சேர்க்கப்பட்டோருள் 100க்கு 42 பேர் மாண்டனர். கட்டடத்தின் அடியிற் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதார ஆணைக்குழுவினர் கால்வாய்களைக் கழுவித் துப்புரவாக்கினர், குடிநீரைச் சீர்செய்தனர், காற்றோட்டத்துக்கு வழி வகுத்தனர். யூன் மாதத்தில் இறப்பு 100க்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது.

1856இல் நாடு திரும்பிய அம்மையார், வில்லியம் பார் என்னும் புள்ளிவிபர அறிஞருடன் இக்கணக்குகளை ஆராய்ந்தார். உணவுத் தட்டுப்பாடும், வீரர்கள் குற்றுயிராய் வந்து சேர்ந்தமையுமே பேரிழப்புக்குக் காரணம் என்று அதுவரை நம்பியிருந்தார். கணக்கோ வேறு கதை சொல்லிற்று. தாமும் தம் தாதியரும் கண்விழித்துக் காத்த அந்தக் கூரையின் கீழேயே நோய் பெருகியிருந்தது! நாடே தெய்வமாக வணங்கிய வேளையில் அவர் வாளா இருந்திருக்கலாம். எவரும் குறை கூறியிரார். அவர் அவ்வாறு இருக்கவில்லை. காயத்தால் மாண்டோரைவிடத் தடுக்கக்கூடிய நோயால் மாண்டோரே மிகப் பலர் என்பதை வண்ண வரைபடங்களாக்கி 1858இல் வெளியிட்டார். விளக்கேந்திய கையை விட, அந்த வரைபடங்களை வரைந்த கையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

தாதியர் பணி பற்றி 1859இல் அவர் எழுதிய நூலில் இப்பட்டறிவு பக்கந்தோறும் புலப்படும். நோயாளியின் காதருகே தாழ்குரலிற் பேசுவோரும், வெற்று ஆறுதல் மொழிவோரும் நல்லெண்ணத்துடனேயே அவரை வருத்துகின்றனர் என்கிறார். தாம் அருகிருக்கும்போது செய்வது மட்டும் பணியன்று. தாம் இல்லாத வேளையிலும் அது தவறாது நடைபெற ஒழுங்கு செய்வதே தாதியின் கடமை என்றும் விளக்குகிறார். நம் பெற்றோருள் பலர் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இரவுப் பணி செய்பவர்கள். விடியற்காலையில் அடுத்து வருபவரிடம் விபரம் சொல்லி ஒப்படைத்துவிட்டு வரும் அவர்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும். பிள்ளைகளே, வீட்டில் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

1860இல் இலண்டன் புனித தோமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. போர்க்களத்திற் பற்றிய நோய் பின்னர் பல்லாண்டுகள் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. அங்கிருந்தபடியே கடிதங்களும் அறிக்கைகளும் எழுதிக்கொண்டிருந்தார். 1910 ஓகஸ்ட் 13ஆம் நாள், தொண்ணூறாவது வயதில் காலமானார். வெஸ்ற்மினிஸ்ரர் பேராலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும், அவரது விருப்பப்படி உறவினர் அதனை ஏற்கவில்லை. சிற்றூர்த் தேவாலயமொன்றில் உள்ள அவரது கல்லறையில் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.