பொதுப்பணத்தின் காவலர் தக்கர் பாபா

நன்கொடை கேட்டு நீட்டப்படும் ரசீதுப் புத்தகத்தைக் காணாத குடும்பம் நம் குடியிருப்பில் ஒன்றேனும் இராது. கோயில் திருப்பணிக்கு என்றும், பள்ளிக் கட்டடத்துக்கு என்றும், புயல் நிவாரணத்துக்கு என்றும், கடல்கடந்த ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் கிணறு தோண்டுவதற்கு என்றும் வேண்டுகோள்கள் வந்தவண்ணம் உள்ளன. கொடுப்பதில் தமிழர் பின்வாங்குபவர் அல்லர். ஆனால் கொடுத்த பணம் எங்கே சென்றது என்று பின்னர் வினவுவோர் சிலரே. எவரும் வினவாத போதும் விடை சொல்லக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதி நிதி திரட்டியவர் அவரினும் சிலர். அச்சிலருள் தலைவரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், பாரத நாட்டு மக்களால் ‘பாபா’ என்று அன்புடன் அழைக்கப்பெற்ற அமிர்தலால் விட்டல்தாஸ் தக்கர் ஆவார்.

குஜராத்தைச் சேர்ந்த பாவ்நகரில் 1869-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் அவர் பிறந்தார். காந்தியடிகள் பிறந்து இரண்டு திங்களும் நிறையவில்லை. குடும்பம் செல்வக் குடும்பம் அன்று. புனே நகரில் பொறியியல் கற்றுத் தேறி, கத்தியவார்ச் சமஸ்தானங்களிலும் ரயில் பாதைப் பணிகளிலும் பொறியாளராக ஊழியம் புரிந்தார்.

1900-ஆம் ஆண்டையொட்டி அவர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிவரை ஆங்கிலேயர் அமைத்த உகாண்டா ரயில் பாதையில் அவருக்கு வேலை. அப்பாதையை அமைக்க நம் நாட்டிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் சுமார் 2,500 பேர் நோயாலும் விபத்தாலும் பிறவற்றாலும் அங்கேயே மாண்டனர். மொம்பாசாவை அடுத்த டாரு வறள்நிலத்தைத் தண்டவாளம் கடந்த காலத்தில் தொழிலாளர் குடிக்கும் தண்ணீரையே ரயிலில் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது என்பர். தக்கர் அங்கே செய்தது தருமம் அன்று, சம்பளத்துக்குச் செய்த உத்தியோகமே. ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பின் நாடு திரும்பினார்.

சாங்கிலி சமஸ்தானத்தில் சிறிது காலம் பணியாற்றியபின் பம்பாய் நகரசபையில் அமர்ந்தார். அவர் வாழ்வைத் திருப்பிய இடம் அதுவே. நகரத்துக் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுசெல்லும் சிறு ரயிலை மேற்பார்க்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. குப்பையை அள்ளுவோர் யார், அவர் குடியிருக்கும் குடிசை எத்தகையது, வட்டிக் கடையில் அவர் பட்ட கடன் எவ்வளவு, அவர் பிள்ளைகள் எழுத்தறிவார்களா என்பனவெல்லாம் மேலதிகாரி அறிய வேண்டிய செய்திகள் அல்ல. தக்கர் அறிந்துகொண்டார். அறிந்தபின் அவருக்கு உத்தியோகம் கசந்தது. தாழ்த்தப்பட்டோர் கல்விக்கு உழைத்த விட்டல் ராம்ஜி ஷிண்டேயின் தொடர்பும், கோபால கிருஷ்ண கோகலேயின் தொடர்பும் அவருக்குக் கிட்டியிருந்தன. 1914 பிப்ரவரியில், நாற்பத்து நான்கு வயதில், நல்ல சம்பளமுள்ள வேலையை உதறிவிட்டு, கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அச்சங்கத்தில் உறுப்பினர்க்குக் கிடைப்பது எளிய ஜீவனத்துக்குப் போதுமான படி மட்டுமே.

இதன்பின் பஞ்சம் எங்கே உண்டோ அங்கே தக்கர் இருந்தார் என்று சுருங்கச் சொல்லிவிடலாம். ஒரிஸ்ஸாவில் 1920-இல் பஞ்ச நிவாரணம். அடுத்து குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டத்தில் பீல் பழங்குடியினரிடையே நிவாரணம். நிவாரணம் முடிந்தவுடன் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவது வழக்கம். தக்கர் புறப்படவில்லை. பஞ்சம் வந்தபோது மட்டும் சோறிட்டுப் பயனில்லை என்று கண்டு, தாஹோத் நகரில் பீல் சேவா மண்டலத்தை நிறுவி, பழங்குடிச் சிறுவர்க்கு விடுதியுடன் கூடிய பள்ளிகளை அமைத்தார். இப்பணிக்கு அரசாங்கத்தின் கருவூலம் திறந்திருக்கவில்லை. கடிதம் எழுதியும் வாசல்தோறும் சென்றும் பணம் கேட்கும் வேலை அவருடையதே ஆயிற்று. கேட்பதற்கு அவர் கூசியவர் அல்லர், செலவிடுவதற்குத்தான் கூசினார். ரயிலில் மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்தார். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதினார். வரவையும் செலவையும் தவறாது எழுதி வைத்தார்.

1932 செப்டம்பரில் எரவாடாச் சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்ததும், அதன் முடிவில் புனே ஒப்பந்தம் ஏற்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. அதனையொட்டிப் பம்பாயில் கூடிய இந்துக்களின் மாநாடு, பொதுக் கிணறு, பொதுப் பள்ளி, பொதுச் சாலை ஆகியவற்றில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சம உரிமை உண்டு எனத் தீர்மானித்தது. அதை நிறைவேற்றத் தோன்றிய அமைப்பே பின்னர் ஹரிஜன சேவக சங்கம் எனப் பெயர் பெற்றது. (அப்பெயரைத் தங்களுக்குரியதாக ஏற்க அம்மக்களுள் பலர் மறுத்தனர், இன்று அரசாங்கமும் அதை வழங்குவதில்லை. சங்கத்தின் பெயர் என்ற அளவிலேயே ஈண்டு அது குறிக்கப்படுகிறது.) கன்ஷியாம்தாஸ் பிர்லா தலைவர், தக்கர் பொதுச் செயலாளர்.

அடுத்த ஆண்டு நவம்பரில் தொடங்கி 1934 ஜூலை முடியக் காந்தியடிகள் நாடெங்கும் சுற்றிய பயணம், நம் நாட்டில் பொதுமக்களிடம் நிதி திரட்டிய வரலாற்றிலே தனி இடம் பெறுவது. தொலைவு சுமார் 12,500 மைல். சேர்ந்த தொகை சுமார் 8 இலட்சம் ரூபாய். பயணத்தை வகுத்தவரும், பெரும்பகுதியில் உடன் சென்றவரும் தக்கரே. திருநெல்வேலி, மதுரை, திருச்சி, தஞ்சை, பாண்டிச்சேரி என்று 1934 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தமிழகத்தின் ஊர்கள் பலவும் அப்பயணத்தைக் கண்டன. மலபாரின் வடகரையிலே கௌமுதி என்னும் இளம்பெண் தன் வளையல், சங்கிலி, காதணி அனைத்தையும் மேடையிலேயே கழற்றிக் கொடுத்ததை அன்றைய பத்திரிகைகள் வியந்து எழுதின. வாசித்தளித்த வரவேற்புப் பத்திரங்களும் பேழைகளும் அந்தந்த இடத்திலேயே ஏலம் விடப்பட்டன.

வியந்து பேசத்தக்கது மேடைக்காட்சிதான். ஆயினும் மேடைக்குப் பின்னே நடந்ததையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். எட்டு இலட்சமும் எட்டுப் பெரிய காசோலைகளாக வந்து சேரவில்லை. காலணாவும் அரையணாவுமாகக் கூட்டத்தினர் கையிலிருந்து செப்புக்காசுகள் வந்து குவிந்தன. அவற்றை எண்ணிக் கணக்கில் ஏற்றி அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டும். அறுபத்து நான்கு வயதுடைய தக்கர் அச்சுமையைத் தாங்கினார். திரண்ட பணத்தின் பெரும் பங்கு அந்தந்த மாகாணத்துப் பணிக்கே உரியது என்றும், இன்ன வேலை என்று திட்டம் வகுத்துக் காட்டியபின்னரே செலவிடற்குரியது என்றும் முறை வகுக்கப்பட்டது. ஊக்கமிகுந்த ஊழியர்க்கு இம்முறை எரிச்சல் தந்திருக்கும். செப்புக்காசு கொடுத்தவர்க்கு இதைவிடச் சிறந்த மரியாதை வேறொன்று இல்லை.

அப்பணம் எதற்குச் சென்றது? பள்ளிகள், மாணவர் விடுதிகள், உபகாரச் சம்பளங்கள், தொழிற்கல்வி, கிணறுகள். இவற்றுள் கிணற்றைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும்.

நம் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. அவ்வாறிருந்தும், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற நம் போர்ட் பிளேரில் கோடை வந்தால் குழாய்நீருக்குக் காத்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலைக்குப்பின் நிக்கோபாரில் கிணறுகள் உப்பேறிக் கெட்டதையும் கண்டோம். நீர் இருப்பது வேறு, குடத்துக்கு வந்து சேர்வது வேறு என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நமக்கு இடையே நிற்பவை அணையும் குழாயும் கடலும். அன்றைய கிராமத்திலோ ஊர்க்கிணறு நிறைந்திருக்கும். அதனருகே வெறுங்குடத்துடன் ஒரு தாய் நிற்பாள். கயிற்றைத் தொட அவளுக்கு உரிமை இல்லை. மேல்சாதியார் எவரேனும் வந்து, மனமிரங்கி, எட்ட நின்று ஊற்றினால் உண்டு. இன்றேல் மாடு குளிக்கும் குட்டைநீரே அவள் வீட்டுக் குடிநீர்.

ஆகவே கிணறு தோண்டுதல் இங்கே வெறும் பொறியியல் வேலையாக இருக்கவில்லை. சேரிக்குத் தனிக்கிணறு தோண்டித் தருவதா, ஊர்க்கிணற்றைத் திறந்துவிடச் செய்வதா என்ற வினா எழுந்தது. இவ்வினாவைத் தக்கரிடமே நேரில் எழுப்பியவர் டாக்டர் அம்பேத்கர். மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்காகக் கப்பலில் சென்றுகொண்டிருந்த அவர், 1932 நவம்பர் 14-ஆம் தேதியிட்டு, செயலாளரான தக்கருக்கு நீண்டதொரு கடிதம் வரைந்தார். பள்ளியும் நூல்நிலையமும் வைத்துத் தனிமனிதரைத் திருத்தும் வேலையில் சங்கம் தன் ஆற்றலைச் செலவிடலாகாது. ஊர்க்கிணற்றில் நீர் எடுக்கவும் ஊர்ப்பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கவும் உரிமை கோரிக் கிராமந்தோறும் கிளர்ச்சி நடத்த வேண்டும். அதனால் கலகம் நேரினும் அஞ்சலாகாது. அப்பணிக்கு வேண்டிய ஊழியரைத் தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்தே மிகுதியும் தெரிந்தெடுக்க வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். 1927-இல் மகாட் என்னும் ஊரில் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியதற்காகத் தம் மக்கள் அடிபட்டதைக் கண்டவர் எழுதிய கடிதம் அது. கிடைத்தது என்றுகூட அதற்குப் பதில் வரவில்லை என்று அம்பேத்கர் பிற்காலத்தில் எழுதினார். அடுத்த ஆண்டிலேயே சங்கத்தின் குழுவிலிருந்து அவர் விலகினார்.

தக்கர் பாபாவைப் போற்றி எழுதுவோர் பலர் இந்நிகழ்ச்சியை விட்டுவிடுகின்றனர். விடுவது முறையன்று. தாகம் காத்திராது, ஊரின் மனம் மாறும்வரை ஒரு குழந்தை குட்டைநீரைக் குடித்துக்கொண்டிருக்க இயலாது. அதனால் தோண்டப்பட்ட தனிக்கிணற்றைப் பழிப்பதற்கில்லை. ஆனால் தனிக்கிணறு வந்தபின் ஊர்க்கிணறு என்றென்றும் ஊராருடையதாகவே நின்றுவிடும் என்ற அச்சமும் பொய்யாகவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு நீர் வழங்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தியைப் படித்தோர், அம்பேத்கரின் கடிதம் பழங்கடிதம் என்று சொல்லத் துணியார். அக்கடிதத்துக்குத் தக்க விடை தந்திருக்க வேண்டியது சங்கத்தின் கடமை என்றே நாம் கருதுகிறோம்.

தக்கரின் பிற பணிகளுள் கஸ்தூரிபா நினைவு நிதி ஒன்று. 1944 பிப்ரவரியில் அன்னை கஸ்தூரிபா ஆகாகான் மாளிகைச் சிறையில் மறைந்தார். அவர் நினைவாக, காந்தியடிகளின் எழுபத்தைந்தாம் ஆண்டைக் கருதி 75 இலட்சம் ரூபாய் திரட்டக் குறி வைத்தனர், தக்கர் செயலாளர். குறியைத் தாண்டி ஒரு கோடிக்கும் மேல் சேர்ந்தது. கிராமப் பெண்டிர், குழந்தைகள் ஆகியோரின் கல்விக்கும் நலத்துக்கும் மட்டுமே அந்நிதி உரியதென வரையறுக்கப்பட்டது. அதன் தமிழகப் பிரதிநிதியாக விளங்கிய டாக்டர் சௌந்தரம் அம்மையார்தாம் 1947-இல் சின்னாளப்பட்டியை அடுத்துக் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தார்.

முதுமையிலும் அவர் ஓரிடத்தில் அமரவில்லை. கலவரத்தில் எரிந்த நவகாளியில் காந்தியடிகளுடன் ஊழியம் செய்தார். அசாம் நீங்கலான பழங்குடிப் பகுதிகளை ஆராய அரசியல் நிர்ணய சபை அமைத்த துணைக்குழுவுக்குத் தலைமை பூண்டு, எண்பதை நெருங்கும் வயதில் மலைநாடுகளில் அலைந்தார். 1948-இல் பழங்குடி மக்களுக்கென பாரதீய ஆதிம்ஜாதி சேவக சங்கம் தோன்றக் காரணராக இருந்தார். கட்டியதைச் சென்று பார்த்தல் என்பது அவருக்குக் கட்டுவதில் ஒரு பகுதியே. இதன் அருமை இன்று நன்கு விளங்குகிறது. உலகெங்கும் நன்கொடையாளர் பணத்தால் ஆப்பிரிக்கக் கிராமங்களில் நிறுவப்பட்ட கைப்பம்புகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பழுதுற்று நின்றதாக 2009-இல் மதிப்பிட்டனர். திறப்பு விழாவுக்குச் சென்றவர் பலர். பின்னர் பார்க்கச் சென்றவர் சிலர்.

அரசியல் நிர்ணய சபையில் தக்கரும் உறுப்பினர். சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர். கடிதம் எழுதியவரும் விடை எழுதாதவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருந்த காலத்தில் உருவான சாசனத்தின் 15-ஆம் பிரிவு, கிணறுகளையும் குளங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சாதியின் பெயரால் எவரையும் அவற்றிலிருந்து விலக்கலாகாது என விதிக்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழிக்கிறது. 1950 ஜனவரி 26 அன்று அச்சாசனம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ ஓராண்டு கழிந்து 1951 ஜனவரியில், பிறந்த ஊராகிய பாவ்நகரிலேயே தக்கர் பாபா காலமானார். அவர் நூற்றாண்டை முன்னிட்டு 1969-இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது.

சென்னைக்குக் கப்பலிலோ விமானத்திலோ செல்லும் நம் அன்பர்கள், தியாகராய நகர் வெங்கடநாராயணா சாலையில் தக்கர் பாபா வித்யாலயத்தைக் காணலாம். 1946-இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டிய இடம் அது. ஏழை இளைஞர்க்குக் கைத்தொழில் கற்பிப்பதற்கென எழுந்த நிலையம்.